கயிறு அவர் கையில்

“…அஞ்சே நிமிசந்தான் தங்கச்சி. மாடு உள்ள வந்து நின்னுட்டுப் போனாப் போதும். கன்னுக்குட்டியும் கூட வந்துட்டா ஐயர் திருப்தியாயிருவாரு. நீங்க வரணும்னுகூட இல்ல.”

கொட்டகை வாசலில் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னபோது நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. ‘தங்கச்சி’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மனிதர் இதே வாசலில் நின்று என்னை ‘ஏம்மா’ என்றார். தாமான் வாட்ஸ்அப் குரூப்பில் நான் ‘அந்த மாட்டுக்காரப் பொம்பள’. காரியம் ஆக வேண்டும் என்றதும் மனிதர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் உறவுமுறை ஞாபகம் வந்துவிடுகிறது, பாருங்கள்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் ஆட்கள் பேசுகிற பேச்சைத்தான். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது என் மனதில் அப்படியே தங்கிவிடும். நல்லதும் தங்கும், கெட்டதும் தங்கும். கெட்டது கொஞ்சம் கூடுதலாகத் தங்கும்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டத்தில் பாதியை விற்று வீடு கட்டினார்களே, அந்தத் தாமான் குடியிருப்புக்கு அவர் செயலாளர். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகள் இடிந்து, அவர்கள் வீடு எழுந்தது. எங்களுக்குச் சாலைக்கு இந்தப் பக்கம் சின்ன வீடுகள் கொடுத்தார்கள். மீதியுள்ள செம்பனைக்குள், தோட்டத்தை மேற்பார்க்கும் மண்டோர் கண்டும் காணாமல் விட்ட ஓர் ஓரத்தில் என் கொட்டகை. மாடுகள் மரங்களுக்கு நடுவே மேயும். புல் குறைந்தால் தோட்டத்துக்கும் லாபம் என்பதால் யாரும் எதுவும் சொன்னதில்லை, அவர் குடிவரும் வரைக்கும்.

அவர் ஒரு புகார்க்காரர். பொய் சொல்லக்கூடாது, பல புகார்கள் நல்ல புகார்கள். தெருவிளக்கு எரியாமல் கிடந்ததை எரிய வைத்தார். சாக்கடை அடைத்தபோது ஆள் வர வைத்தார். கவுன்சில் ஓர் ஆப் வைத்திருக்கிறது, ஃபோனில் படம் எடுத்து அதில் போட்டால் ஆள் வந்துவிடும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் கை சும்மா இருக்கவில்லை. சாலையோர ஒட்டுக்கடையில் தோசை சுடும் அக்கா ஒருமுறை சொன்னாள்: “அந்தாளு சாமி கும்பிடும்போதுகூட ஒரு கையிலதான் கும்பிடுவாரு. இன்னொரு கையில ஃபோனு.”

அந்தக் கடைதான் எங்கள் பக்கத்துப் பார்லிமென்ட். டீசல் மானியம், பிளாஸ்டிக் பை, சுங்கை புரோங் வயலில் டிரோன் பறந்து மருந்து அடிக்கிறது, மின்சாரக் காரை வெள்ளத்தில் ஓட்டினால் ஷாக் அடிக்குமா, எல்லாம் அங்கேதான் தீர்ப்பாகும். காலையில் நான் பால் ஊற்றப் போகும்போது செயலாளரும் அங்கே தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பூமி சூடாவதைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் என்னைப் பார்க்காமல், எனக்குக் கேட்கும்படி, “மாடு விடுற காத்துலதான் பாதி உலகம் சூடாவுது. ஆராய்ச்சியில சொல்றான்” என்றார்.

தோசைக்கார அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. “உங்க வீட்டுல ரெண்டு காரு நிக்குதே அண்ணே, அது என்ன சாம்பிராணியா விடுது?”

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சிரிக்கும்போது அவர் பார்த்தது அக்காவை அல்ல, என்னை. அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் அவர் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு புகார் கொடுத்தார். தாமான் வேலியோரம் புல் உயரமாகிவிட்டது, பாம்பு வருகிறது, மருந்து அடியுங்கள் என்று. தோட்டமும் அடித்தது. மண்டோர் முதல்நாளே என்னிடம் வந்து, “நாளைக்கு இந்தப் பக்கம் மருந்து. மாட்ட அந்தாண்ட ஓட்டிரு. இத மேஞ்சா போயிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் மறுநாள் காலை மாடுகளைச் சாலை தாண்டி, மருந்து அடிக்காத அடுத்த பாசல் மரங்களுக்குள் ஓட்டினேன். மற்றதெல்லாம் சட்டென்று கடந்துவிட்டன. செவலை மட்டும் மெதுவாக வந்தது. நிறைமாதச் சினை. வயிறு இரண்டு பக்கமும் பீப்பாய் மாதிரி. நடுச்சாலையில் நின்று மூச்சு வாங்கியது. வாங்கிவிட்டுப் போகட்டும் என்று நானும் நின்றேன். ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு கை ஃபோனை நீட்டியது. யார் கை என்று சொல்ல வேண்டுமா?

மருந்து அடிக்கச் சொன்னது அவர். மருந்துப் புல்லைத் தின்னாமலிருக்க நான் மாட்டை ஓட்டிப் போனதைப் படம் எடுத்ததும் அவர். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! எல்லாரும் “அட” என்பார்கள். ‘அட’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீடியோ குரூப்பில் போனது, ஆப்பிலும் போனது. அடுத்த நாள் கவுன்சில் லோரி வந்தது. வந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பாவம், அவர்கள் வேலை அது. ஒருவரும் மாட்டை அடிக்கவில்லை. கொட்டகைச் சந்து முனையில் சாலையோரம் கட்டியிருந்த செவலையை அவிழ்த்து, பலகை போட்டு ஏற்றினார்கள். அது ஏறமாட்டேன் என்றது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு கொட்டகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பலகையில் ஒருதரம் சறுக்கி வயிறு இடித்தது. நான் “சினை மாடு லா, சினை மாடு” என்று கத்திக்கொண்டே இருந்தேன். செயலாளர் அப்போதுதான் கொட்டகை வாசலில் வந்து நின்று, “ஏம்மா, சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தானே” என்றார்.

அபராதம் கட்டி மீட்டுக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் செவலை கன்று வீசிவிட்டது. முழுதாக வளர்ந்த கன்று. ரோமம் வந்து, குளம்பு வந்து, மூச்சு மட்டும் வரவில்லை. செவலை அதை நக்கி நக்கி எழுப்பிப் பார்த்தது. மாட்டு டாக்டர் வந்து, “எதனாலன்னு உறுதியா சொல்ல முடியாதுங்க” என்றார். அவருக்கு உறுதியாகத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

இதைத் தோசைக்கார அக்கா செயலாளரிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர் சொன்ன பதிலை அவள் எனக்குச் சொல்லவே தயங்கினாள். நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள்.

“‘மாடுதானே, அடுத்த வருசம் இன்னொன்னு போடும்’ன்னாரு.”

அன்றிலிருந்து நான் அந்த வாக்கியத்தோடுதான் குடித்தனம் நடத்தினேன். பால் கறக்கும்போது அது கூட உட்கார்ந்திருக்கும். சோறு கிளறும்போது பக்கத்தில் நிற்கும். அவருக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. அவர் கார் கதவுக் கைப்பிடிக்குள் சாணி அப்பலாமா? அவர் வீட்டு மாமரத்து இலையைக் கூட்டி எரிக்கிறாரே, அதுவும் குற்றந்தானே, அதைப் படம் எடுத்து அதே ஆப்பில் போடலாமா? இதற்காகவே ஒரு நல்ல ஃபோன் வாங்கினேன். ஒருநாள் வேலியோரம் நின்று எடுத்தும் விட்டேன். வீட்டில் வந்து பார்த்தால் புகை மட்டும் விழுந்திருக்கிறது, மனிதர் விழவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு, காலண்டருக்குக் குடு” என்றார்.

என் வீட்டுக்காரர் ராவாங்கில் ஒரு ஃபேக்டரியில் காவல் வேலை செய்கிறார். சண்டை பிடிக்காத ஆள். “விடு லா, அந்தாளுக்குச் சாமி குடுக்கும்” என்பார். சாமிக்கு எத்தனையோ வேலை இருக்கும். இந்த வேலையை நானே செய்து கொடுத்தால் அதற்குக் கஷ்டம் குறையுமே என்பேன்.

அதோடு அந்தக் கழுத்துப்பட்டைக் கதையும் நடந்தது. மாடு எங்கே நிற்கிறது என்று ஃபோனில் காட்டுகிற பட்டை ஒன்றை இணையத்தில் வாங்கி செவலைக்குக் கட்டினோம். இனிமேல் யாரும் ‘கட்டவிழ்ந்த மாடு’ என்று சொல்லக்கூடாது பாருங்கள். முதல் நாள் ஃபோனைத் திறந்தால் மாடு கோலசிலாங்கூர் கடலுக்குள் நிற்கிறது. இரண்டாம் நாள் மலாய்க் கம்பத்துத் தொழுகைச் சூராவுக்குள் நிற்கிறது. செவலை என்னவோ என் முன்னால் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பட்டையைக் கழற்றிக் கதவுக்குத் தாழ்ப்பாளாகக் கட்டிவிட்டேன்.

இதற்குள் செயலாளர் விடவில்லை. மாடு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் எதிராகப் புகார் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் மாடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றார்கள். ஒருவர் சுங்கை ஆயர் தாவார் பக்கம் போய்விட்டார். மற்றவர்கள் ஆட்டுக்கு மாறினார்கள். கடைசியில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மாடு என்று சொல்ல என் கொட்டகை மட்டும் மிஞ்சியது. நான் மட்டும் ஏன் விற்கவில்லை என்று கேட்பார்கள். வருமானத்துக்காக என்று சொல்லுவேன். உண்மையைச் சொன்னால், நான் விற்றால் அவர் சந்தோஷப்படுவார் என்பதற்காகத்தான் விற்கவில்லை.

செவலை மறுபடி சினை பிடித்தது. கன்றும் போட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. துள்ளித் துள்ளி ஓடி என் முதுகில் முட்டும்.

இந்த நேரத்தில்தான் செயலாளரின் மகள் சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டின வரிசையில் ஒரு வீடு வாங்கினாள். வீடு குடிபோகும் நாள் குறித்தார்கள். உங்களுக்கே தெரியும், நம் ஆட்களுக்கு வீடு குடிபோவதென்றால் முதலில் மாடும் கன்றும் உள்ளே போக வேண்டும். அப்புறம்தான் மனிதர். எத்தனை மாடி வீடானாலும், ஃபோனில் திறக்கிற கதவு வைத்த வீடானாலும், முதல் கால் நாலு கால்தான்.

கிள்ளான் பக்கம் இதற்கென்றே மாடு வாடகைக்கு விடுகிற ஒருவர் இருக்கிறார். லோரியில் ஏற்றிக்கொண்டு வருவார். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார் செயலாளர். ஆனால் அந்த வாரம் எங்கேயோ மாட்டு நோய் என்று பேச்சு வந்து, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு மாடு ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தோசைக் கடையில் இதே செயலாளர்தான், “ரொம்ப நல்ல சட்டம், கடுமையா இருக்கணும்” என்று முன்பு ஒருமுறை இப்படித் தடை வந்தபோது மேசையைத் தட்டியவர்.

கடையில் யோசனைகள் குவிந்தன. ஒருவர் வெள்ளியில் செய்த சின்ன மாட்டை வைத்துக் கும்பிட்டால் போதும் என்றார். “வீடியோ கால்ல மாட்டக் காட்டிரலாம், காலம் மாறிப்போச்சு” என்றார் இன்னொருவர். தோசைக்கார அக்கா, “சாணிய கிராப் டெலிவரில அனுப்புவாங்களா?” என்று கேட்டாள். செயலாளர் மனைவியிடம் வெள்ளி மாட்டைப் பற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா, “வெள்ளி மாடு ஷோகேஸுக்கு. எம் மக வீட்டுக்கு உசுருள்ள மாடு வேணும். போய்க் கேளுங்க, எங்கன்னு உங்களுக்குத் தெரியும்” என்று கதவைச் சாத்திக்கொண்டாராம்.

அந்த அம்மாமேல் எனக்குக் கோபமில்லை. இத்தனைக்கும் நடுவில் வெள்ளிக்கிழமை தவறாமல் பின்கதவு வழியாக வந்து என்னிடம் பால் வாங்கிக்கொண்டு போனவர் அவர். “அவருக்குத் தெரிய வேணாம்” என்று மட்டும் சொல்லுவார். கன்று செத்த வாரம் வந்து, பால் வாங்காமல், செவலையின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனார்.

அப்படித்தான் அவர் என் கொட்டகை வாசலுக்கு வந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள். ‘அடுத்த வருசம் இன்னொன்னு போடும்’ என்றாரே, அந்த இன்னொன்று வேண்டும் என்று கேட்டு.

நான் சாணிக் கூடையைக் கீழே வைத்தேன். கையைக் கழுவவில்லை. வேண்டுமென்றேதான்.

“மாடு வரும். கன்னும் வரும்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “ரொம்ப நன்றி தங்கச்சி. மச்சான்கிட்ட லோரி இருக்கு, காலையில ஏழு மணிக்கு…”

“இது லோரி ஏறாது.”

“ஏன்?”

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பார்வை தரையில் விழுந்து, சாணிக் கூடையில் மோதி, எங்கோ போனது.

“ஒருதரம் ஏறிச்சு. அதோட சரி. இப்ப லோரி சத்தம் கேட்டாலே நடுங்குது. நடத்தித்தான் கூட்டிட்டுப் போகணும்.”

“அப்ப நீங்க நடத்திட்டு வாங்க, வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு…”

“நான் வரணும்னுகூட இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க.”

“அது சும்மா ஒரு பேச்சுக்கு, தங்கச்சி.”

“நான் கன்னப் பிடிச்சுக்கிட்டு வர்றேன். மாட்டுக் கயிற நீங்க பிடிங்க. கொட்டகையில இருந்து உங்க மக வீட்டு வாசல் வரைக்கும். ரோட்டு மேல.”

“ரோட்டு மேலயா? எல்லாரும் பாப்பாங்களே.”

“பாக்கட்டும்.”

அன்று மாலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “சரி, நாளைக்குக் கன்ன முன்னால விட்டுட்டு நட. சீக்கிரம் போயிரலாம்” என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார். “அடியே, வேணாம்” என்றார். பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

மாடு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தாயையும் கன்றையும் எங்காவது ஓட்ட வேண்டுமானால் கன்றை முன்னால் விட வேண்டும். கன்று முன்னால் போனால் தாய் தானாகப் பின்னால் வரும், கயிறே வேண்டாம். கன்று பின்னால் தங்கிவிட்டால் தாய் நாலு அடிக்கு ஒருதரம் நின்று திரும்பிப் பார்க்கும். கன்று கண்ணுக்கு மறைந்தால் நின்ற இடத்திலேயே ஊன்றிக்கொள்ளும். அப்புறம் நாலு ஆள் இழுத்தாலும் அசையாது. இது எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும். செயலாளருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் தடவி, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் மாலை போட்டேன். கன்றுக்கும் சின்ன மாலை. நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டேன். யார் படம் எடுத்தாலும் நன்றாக விழ வேண்டும் அல்லவா?

அவர் வந்தார். பட்டு வேட்டி, தங்கச் சரிகை ஜிப்பா, காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து. கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். விரல் நுனியால் பிடித்தார்.

“நல்லா பிடிங்கண்ணே. விட்டுட்டா அப்புறம் கட்டவிழ்ந்த மாடு. அதுக்குச் சட்டம் இருக்கு.”

அவர் கயிற்றை முழுக்கையால் பிடித்தார்.

கொட்டகைச் சந்தில் செவலை நன்றாகத்தான் நடந்தது. நான் கன்றோடு ஒட்டி நடந்தேன். அவருக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்துவிட்டது. “பரவால்ல, சாதுவா இருக்கே” என்றார். சாலைக்கு ஏறினோம். நான் கொஞ்சம் பின்தங்கினேன். செவலை திரும்பிப் பார்த்தது. அவர் இழுத்தார். நடந்தது. நான் இன்னும் கொஞ்சம் பின்தங்கினேன். திரும்பிப் பார்த்தது. இழுத்தார். ஜிப்பா முதுகில் வேர்வை படர ஆரம்பித்தது.

தாமான் வாசல் சந்திக்கு வந்தோம். அன்றைக்குச் செவலை மூச்சு வாங்கி நின்றதே, அதே இடம். அங்கே ஒரு பெரிய விளம்பரப் பலகை நிற்கிறது, ‘பசுமை வாழ்வு’ என்று போட்டு, கீழே இன்னும் கட்டாத வீடுகளின் படம். நான் கன்றைக் கூட்டிக்கொண்டு அந்தப் பலகைக்குப் பின்னால் போய் நின்றேன்.

நடுச்சாலையில் செவலை நின்றது. திரும்பியது. கன்றைக் காணோம். முன்னங்கால் இரண்டையும் ஊன்றியது. தொண்டையைத் திறந்து “ம்மா” என்று கத்தியது. தாமானுக்குள் நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்தன.

“வா… வாம்மா… ஏய், வா!” அவர் இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். சப்பாத்து வழுக்கியது. ஒரு கார் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. இந்தப் பக்கம் செம்பனைக் குலை ஏற்றின லோரி ஒன்று வந்து நின்று இரைந்துகொண்டிருந்தது. செவலைக்கு உடம்பெல்லாம் நடுக்கம்.

முதல் காரின் கண்ணாடி இறங்கியது. தாமான்காரர் ஒருவர், குரூப்பில் செயலாளருக்குக் கட்டைவிரல் போடுகிறவர். ஃபோனை வெளியே நீட்டினார். “செயலாளர் சார்! இது உங்க மாடா? குரூப்ல போட்ரலாமா?”

“எங்க மாடு இல்ல! எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல!” என்று கத்தினார் செயலாளர். கயிறு அவர் கையில் இருந்தது. மாலை போட்ட மாடு அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருந்தது. காருக்குள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது காரிலிருந்தும் ஒரு ஃபோன் நீண்டது. அவர் ஜிப்பாப் பையில் டிங், டிங் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. குரூப்பில் போய்விட்டது என்று அர்த்தம்.

தூரத்தில் புது வீட்டு வாசலில் பட்டுச் சேலையில் அவர் மனைவி நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐயர் மணி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? கன்று வீசின வாரம் சாப்பிடாமல் கிடந்தேனே, அந்தப் பசியெல்லாம் ஒரே நேரத்தில் அடங்கினது போல இருந்தது.

பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். கன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. செவலை எங்களைப் பார்த்துவிட்டது. அது எங்கே பார்க்கிறதோ அங்கே அவரும் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“தங்கச்சி, கன்ன முன்னால விடுங்க. அதுக்குத்தான் நிக்குது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“அன்னிக்கு லோரில ஏத்தும்போதும் இப்பிடித்தான் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க. அன்னிக்குக் கன்னு வயித்துக்குள்ள இருந்துச்சு. முன்னால விட முடியல.”

நான் அங்கேயே நின்றேன். ஒரு வார்த்தை வேண்டும் எனக்கு. மன்னிப்புகூட வேண்டாம். அப்படி ஒரு கன்று இருந்தது என்று அவர் வாயால், இத்தனை பேர் முன்னால். அது வரும் வரைக்கும் கன்றை விடுவதில்லை என்று இருந்தேன். முகூர்த்தம் போனால் போகட்டும். மகள் வீட்டுக்குள் வெள்ளி மாடு போகட்டும்.

அவர் கன்றைப் பார்த்தார். செவலையைப் பார்த்தார். கயிறு வழியாக அதன் நடுக்கம் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும், கையைக் குனிந்து பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து லோரிக்காரன் பொறுமை இழந்து ஹார்னை அமுக்கினான். அமுக்கிப் பிடித்துக்கொண்டே லோரியை ஒரு முழம் முன்னால் நகர்த்தினான். செவலை துள்ளியது. கயிறு அவர் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. அவர் விடவில்லை. மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அப்படியே லோரியின் பக்கம் திரும்பி, நான் அவரிடம் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கத்தினார்:

“ஹோய்! கண்ணு தெரியலயா? கன்னுக்குட்டிக்காரி லா இது! ஏற்கெனவே ஒன்னு போச்சு இதுக்கு! தெரியுமா உனக்கு? இந்த ரோட்டுலதான் போச்சு!”

கார்களில் சிரிப்பு நின்றது. லோரிக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுத்தான். என் கை எப்போது தளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. கன்று நழுவி ஓடித் தாயின் காலுக்கிடையில் புகுந்துகொண்டது. நான் கேட்ட வார்த்தை அதுதான். ஆனால் அவர் அதை என்னிடம் சொல்லாமல் ஒரு லோரிக்காரனிடம் சொல்லிவிட்டார். திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க முடியுமா?

செயலாளர் கயிற்றை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். வலக்கையை ஜிப்பாப் பைக்குள் விட்டு, டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்த ஃபோனை எடுத்து, அதே கவுன்சில் ஆப்பைத் திறந்து, செவலை அவர் தோளில் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, லோரியின் நம்பர் நன்றாக விழும்படி ஓரடி முன்னால் போய்ப் படம் எடுத்தார்.